மூன்றாவது முடிச்சு

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கேள்வியின் கதை சொல்கிறேன். சண்டை ஓயாத ஒரு நாட்டுக்கு வெல்டிங் வேலைக்குக் கிளம்பிய சங்கரலிங்கத்திடம் காப்பீட்டு அதிகாரி சொல்லியனுப்பினார்: "கடத்திட்டுப் போனா, உசுரோட இருக்கது நீங்கதானான்னு தெரியணும். வீட்டம்மாவும் நீங்களும் மட்டும் அறிஞ்ச ஒரு கேள்வி வச்சுக்கிடுங்க."

'மூணாவது முடிச்சு யாரு போட்டா?' என்று அவனும் மனைவி காந்திமதியும் வைத்துக்கொண்டார்கள். தாலி கட்டும்போது, அந்த முடிச்சைப் போடவேண்டிய நாத்தனார் ஏதோ கோபத்தில் கையை இழுத்துக்கொள்ள, கெட்டிமேளச் சத்தத்தில் யாரும் கவனிக்காமல் அதையும் அவனே போட்டிருந்தான்.

கடத்திக்கொண்டுபோனவர்களிடமிருந்து அழைப்பு வந்தபோது, அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்க, காந்திமதி ஒரு கையால் தாலியைப் பற்றி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். மறுமுனையில் துப்பாக்கிக் கட்டை எலும்பில் இறங்கியது. அலறல். மறுபடியும் அடி.

"உங்க நாத்தனாருதான்..." என்றது உடைந்த குரல். பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கெஞ்சியது: "சரின்னு சொல்லிருங்கக்கா. இல்லேன்னா என்னையும் சுட்டுருவானுவ."

'என்னையும்.' காந்திமதி தாலியைப் பற்றிய கையை எடுக்கவில்லை. மூன்றாவது முடிச்சு விரலில் நெருடியது.

"என்னம்மா சொல்லுதாரு? பதில் சரிதானா?"

காதுக்குள் துப்பாக்கியில் குண்டேற்றும் சத்தம் கேட்டது.

"சரிதான் சார். அவியளேதான். கேட்டதக் குடுத்து, சீக்கிரம் வீடு சேத்துருங்க."

உங்கள் வீட்டுப் படியிறங்கிப் போன கால்களெல்லாம், கண்ணுகளா, உங்கள் வாசலுக்கே திரும்பி வரட்டும்.