பன்னிரண்டாம் வரிசையில் ஒரு காலி இருக்கை

"இன்னைக்கும் வரலை பாரு," என்றார் தையற்காரர்.

கால்பந்து மைதானம் நிரம்பி வழிந்தது. அவர் கண்ணெதிரே, பன்னிரண்டாம் வரிசையில், ஒரே ஓர் இருக்கை மட்டும் காலி.

"வராட்டி உங்களுக்கென்ன? ஆட்டத்தைப் பாருங்க," என்றாள் மனைவி.

"எனக்கென்னவா? எல்லா ஆட்டத்துக்கும் ஒரே சீட் தர்ற சீசன் டிக்கெட்டுக்காக உன் தம்பி மூணு வருஷமாக் காத்துக் கிடக்கிறான். இங்கே ஒருத்தர் முதல் ஆட்டத்துக்கு வந்து தலையைக் காட்டினதோட சரி. வைக்கோல்போர் நாய் கதைதான். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது."

"என் தம்பியும் வந்தா உங்களோட சேர்ந்து கத்துவான். அப்புறம் என் காது என்ன ஆகிறது?"

"கத்தட்டுமே. கொடிக்கம்பமாட்டம் வளர்ந்த பிள்ளை, டிவி முன்னாடி முடங்கிக் கிடக்கிறான்."

"அது நிஜம்தான். அவனுக்குத் தோள் அளவெடுக்க நீங்க முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கு."

இடைவேளை விசில் ஒலித்தது. தையற்காரர் எழுந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். சீட்டைச் சும்மா போட்டு வச்சா கிளப்பே திரும்ப எடுத்துக்கலாம்னு விதி இருக்கு."

"ஊரான் வயித்தெரிச்சல் நமக்கு வேண்டாங்க."

"இது வயித்தெரிச்சல் இல்லை. நியாயம்."

படிக்கட்டுக்கு அடியில் இருந்தது டிக்கெட் அலுவலகம். மேலாளர் அம்மா ஆறிப்போன காபியைக் குடித்தபடியே புகாரைக் கேட்டார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தவர், புருவத்தை உயர்த்தினார்.

"வந்திருக்காரே சார். எல்லா ஆட்டத்துக்கும் வந்திருக்கார். இன்னைக்கும் வாசல்ல கார்டைக் காட்டிட்டு உள்ளே வந்திருக்கார்."

"வந்தவர் எங்கே மேடம்? ஆவியாப் போயிட்டாரா?"

மேலாளர் ஃபோனை எடுத்துக் காவலாளியிடம் விசாரித்தார். வைத்துவிட்டு, "மேலே நிக்கிறாராம். வாங்க, நேர்லயே கேட்டுடலாம்," என்றார்.

கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார் அவர். லாரி டிரைவர். நிமிர்ந்து நின்றால் மேலே தொங்கும் விளக்கில் தலை இடிக்கும் போலிருந்தது. அதனால் சற்றுக் குனிந்தே நின்றார்.

"உங்க சீட் பன்னிரண்டாம் வரிசையில இருக்கு. நீங்க ஏன் இங்கே நிக்கறீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "தப்புங்களா மேடம்?"

"காரணத்தைச் சொல்லுங்க."

"முதல் ஆட்டத்துக்கு அங்கேதான் உட்கார்ந்தேன். எனக்கு நேர் பின்னாடி ஒருத்தர். ஆளு கொஞ்சம் குட்டை போலிருக்கு. பாவம், ஆட்டம் முழுக்க இந்தப் பக்கம் சாயறாரு, அந்தப் பக்கம் சாயறாரு. கோல் விழுந்தப்போ எல்லாரும் குதிக்கிறாங்க. அவரு மட்டும் பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, 'யாரு போட்டது?'ன்னு கேக்கறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

தையற்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அவரோட சீட்டை மாத்திக்கிட்டிருக்கலாமே?" என்றார் மேலாளர்.

"அப்போ அவருக்குப் பின்னாடி இருக்கிறவருக்கு நான் மறைப்பேனே மேடம். எங்கே உட்கார்ந்தாலும் எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரு. இங்கேதான் சுவர்."

"அப்போ எதுக்கு அந்த சீட்டை வச்சிருக்கீங்க? விட்டுட வேண்டியதுதானே?"

"விட்டா வேற யாராவது வந்து உட்கார்ந்துடுவாங்க. அவரும் என்னை மாதிரி இருந்துட்டா?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். "உங்க மனசு புரியுது. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. புகார் வந்தாச்சு. இதோ, இவரோட மச்சான் அந்த சீட்டுக்குத்தான் காத்திருக்கார்."

டிரைவரின் முகம் வாடிவிட்டது. குனிந்து தையற்காரரைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க மச்சான் எவ்வளவு உசரம்?"

தையற்காரர் தொண்டையைச் செருமினார்.

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தக் குட்டை மனுஷன் ஒரு குஷனை வாங்கிப் போட்டு உட்கார்ந்தா தீர்ந்தது பிரச்சினை. அதை நீங்க அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே."

"எப்படி மேடம் சொல்றது? உசரத்தைப் பத்தி யாராவது பேசினா எவ்வளவு சங்கடம்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து எனக்கு வைக்காத பேர் இல்லை. அதனாலதான் அன்னைக்குத் திரும்பி அவர் முகத்தைக் கூடப் பார்க்கலை. இங்கேருந்து அவர் தலை தெரியும். கோல் விழுந்தா இப்போ முதல்ல எழுந்திரிக்கிறது அவருதான். அதைப் பார்க்கிறதே ஒரு ஆட்டம் மேடம்."

கீழே விசில் ஒலித்தது. இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்கிவிட்டது.

"சரி, ஆளைக் காட்டுங்க. நான் பேசிக்கறேன்," என்றார் மேலாளர்.

டிரைவர் கையை நீட்டினார்.

"அதோ, அந்த அம்மாவுக்குப் பக்கத்து சீட். இப்போ காலியா இருக்கே, அதுதான். அடடா, ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு, மனுஷன் எங்கே போனாரோ தெரியலையே."

மேலாளர் அங்கே பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரை, தலையிலிருந்து கால் வரை, மெதுவாகப் பார்த்தார்.

"சார், உங்க மச்சான் விஷயம்..."

"அவனுக்கு டிவி போதும் மேடம்," என்றார் தையற்காரர்.

டிரைவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து ஒருமுறை அழுத்தினார். பிறகு மடமடவென்று படியிறங்கிப் போய், மனைவிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தார்.