மூன்று இருக்கிற தைரியம்

இறந்துபோன அப்பா தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மாவோடு பேசுவார். அவரை நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரித்து, பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்தோம். ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றிலிருந்து அவரை முழுசாக மீட்டுவிடலாம்; இரண்டு போனால் முடியாது.

செவ்வாய்க்கிழமை அப்பா பேசவில்லை.

மீட்பு நிலையத்தில் பூங்கோதை அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வெயில் படற இடத்துல வெச்சுட்டேம்மா. என்னாலதான் போச்சு."

"அழாதீங்க மேடம். மத்த மூணு போதும்," என்றார் டெக்னீஷியன் ஜெயசீலன்.

என் டிஸ்க்கைச் செருகியதும் உதட்டைப் பிதுக்கி, திரையை என் பக்கம் திருப்பினார். திரை முழுக்க கிரிக்கெட் ஆட்டங்கள். போன வருடம் இடம் போதாமல் அப்பாவை அழித்திருந்தேன். மூன்று இருக்கிறதே என்ற தைரியம். அதன் பிறகும் அவர் வழக்கம்போலத்தான் பேசினார்.

"இதுவும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா," என்றேன் நான், ஜெயசீலன் வாயைத் திறப்பதற்குள்.

அம்மா என் முதுகைத் தடவினாள். "நீ என்னடா பண்ணுவ? மெஷின்தானே."

அக்காவின் அழுகை நிற்கவில்லை. ஜெயசீலன் என் டிஸ்க்கை உறையில் போட்டு நீட்டினார்.

"இதுல ஒரு கோளாறும் இல்ல சார்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.