‘கீங்’ கம்பம்

“கழட்டுடி அந்தக் கார்டை!”

நோபர்ட் கங்காணி போட்ட சத்தத்தில் எல்கடுவ மலையே திரும்பிப் பார்த்தது. டொறீன் கழுத்திலிருந்த கார்டை வெடுக்கென்று பறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கார்டு வந்து ஒரு மாதம். உள்ளே ஏதோ சில்லு இருக்கிறதாம். மலை வாசலில் நட்ட கம்பத்தைக் கார்டோடு தாண்டினால் ‘கீங்’ என்று கத்தும். யார், எத்தனை மணிக்கு ஏறினார், இறங்கினார் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் விழுந்துவிடும்.

“டவுனுக்குப் போனா ஆமிக்காரனுக்கு ஐடி காட்டணும். இங்க கம்பத்துக்குக் காட்டணும்,” என்பாள் கூடக் கொழுந்து பறிக்கும் லூசியா. “புருசன்கூடப் பேசுறப்போ கார்டைச் சட்டிக்குள்ள மூடி வைங்கடி, ஒட்டுக் கேக்கும்!”

பெண்கள் கூடை குலுங்கச் சிரிப்பார்கள். டொறீனுக்கு மட்டும் சிரிப்பு வராது. ஐந்து மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல். வேலை நேரத்தில் பால் கொடுக்க, கீழே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடியதில் ஏற்கெனவே இரண்டு ‘கீங்’. இன்னொன்று விழுந்தால் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார்.

“ஐயா, இன்னைக்கு நான் இறங்கவே இல்லீங்களே!”

“கார்டு இல்லாதவளுக்கு மலையில என்ன வேலை? போ கீழ!”

அழுதுகொண்டே இறங்கினாள். கம்பம்கூட அவளை மதிக்கவில்லை, சும்மா நின்றது.

பிள்ளைக்குப் பால் கொடுத்துத் திரும்பினால், “கூடையை எடு” என்றார். மதியம் மறுபடி விரட்டினார். மூன்று மணிக்கும் விரட்டினார்.

“பச்சை உடம்புக்காரியை இப்படிப் பந்தாடுறானே, வெளங்குவானா!” பக்கத்தில் கொழுந்து பறித்த சவரியம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

மாலையில் ஆபீஸ் கிளாக்கர் வாசித்தார்.

“டொறீன்... ஏழு மணிக்கு ஏற்றம், நாலரைக்கு இறக்கம். நடுவில ஒண்ணுமில்ல. துரைக்கு ரொம்பச் சந்தோசம்!”

டொறீன் வாயைத் திறந்தாள். லூசியா நறுக்கென்று கிள்ளினாள்.

“நோபர்ட் கங்காணி... இது என்ன, நீங்களும் இறங்கல்லியே? பத்து மணித் தேத்தண்ணிக்குக்கூடவா?”

“பசியில்ல” என்றார் கங்காணி.

“அடியே,” லூசியா காதைக் கடித்தாள், “அந்தாளு இறங்கியிருந்தா சட்டைப்பையில இருந்த உன் கார்டும்ல கத்தியிருக்கும்!”

வெளியே வந்ததும் கார்டை டொறீன் கையில் திணித்தார் கங்காணி.

“நாளைக்கும் காலையில எங்கிட்டக் குடுத்துரணும், தெரியுதா?” என்று உறுமிவிட்டு, நாள் முழுக்கத் தேயிலைக்குள் நின்றும் ஒரு வாய் தேத்தண்ணி காணாத மனுசன், கடையைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.