அந்தம்மா கேட்ட ஓட்டு

"உங்க அம்மா இப்பத்தான் வந்து ஓட்டுக் கேட்டுட்டுப் போனாங்க. மறுபடியும் நீங்க வேற எதுக்கு சார் மூச்சு வாங்க மாடி ஏறி வர்றீங்க?"

கதவைத் திறந்த பெண் இப்படிக் கேட்டதும் மிக்ஸிக்காரர் திகைத்துப்போனார். அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது.

"என்ன மச்சான், நமக்கு ஆவியெல்லாம் பிரசாரம் பண்ணுதா?" என்று காதைக் கடித்தான், நோட்டீஸ் கட்டோடு நின்ற மைத்துனன்.

"எங்க அம்மாவா? நல்லாத் தெரியுமா?"

"நான் போன மாசம்தான் இங்க குடிவந்தேன், எனக்கு யாரைத் தெரியும்? ஆனா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, கண்ணெல்லாம் கலங்கி, சீப்புக்குப் போடும்மான்னு கெஞ்சினாங்க. பெத்தவளைத் தவிர வேற யாரு சார் அப்படிக் கேட்பா?"

மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கிற மனிதர் அவர். அந்த வட்டாரத்தில் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கவுன்சிலராக இருந்தவர் லாரி மோதி இறந்துபோனார், அதனால் இடைத்தேர்தல் வந்தது. குளத்தைத் தூர்க்க மண் கொண்டுவந்த லாரிகளை நடுரோட்டில் நின்று மறித்த நல்ல மனுஷன், பாவம்.

இப்போது அவருடைய தம்பி நிற்கிறான். "அண்ணன் விட்ட இடத்துல இருந்து நான் தொடங்குவேன்" என்று அவன் மைக்கில் சொல்லும்போது தெருவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. அந்த அனுதாப அலையில் சுயேச்சையை யார் சீந்துவார்கள்? போதாக்குறைக்கு, வழுக்கைத் தலையரான இவருக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மழைக்குக் குளத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் இவருடைய கடைக்குள் புகுந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் மனுப் போட்டவர் இவர். மேடை ஏறினால் இவருக்கும் குளத்தைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது.

"எதை வேணா பேசுங்க, அந்தக் குளத்தை மட்டும் இழுக்காதீங்க" என்பாள் மனைவி.

"அட போடி! அது விபத்துன்னு போலீசே சொல்லியாச்சு."

அடுத்த தெருவிலும் அதே கதைதான். அங்கே எல்லாருக்கும் அந்த அம்மாளைத் தெரிந்திருந்தது, ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இஸ்திரி போடுகிறவள் மட்டும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தம்மாவே படியேறி வந்து கேட்கும்போது மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான், போங்க."

"யாருன்னாவது சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

மிக்ஸிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "யாரோ இல்லாதப்பட்டவங்க வீட்டு ஃபேனை நான் ஓசியில சரிபண்ணிக் கொடுத்திருக்கணும்டா. தர்மம் தலைகாக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

"தலையைக் காத்துச்சு சரி, முடியைக் காக்காம விட்டுடுச்சே மச்சான்" என்றான் மைத்துனன். அவனுக்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

வாக்குகளை எண்ணி முடித்தபோது, பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் சீப்பு ஜெயித்திருந்தது. தோற்றவன் வந்து கைகுலுக்கி, "குளத்தைக் காப்பாத்துங்கண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போனான். மிக்ஸிக்காரருக்கே மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

சாயங்காலம் கடை வாசலில் கூட்டம் கலைந்தபிறகு, கம்பத்தை ஒட்டி ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த மகளை இறக்கிவிட்டு ஓடினார்.

"நீங்கதானே எனக்காக வீடு வீடா அலைஞ்சது? என்னைப் பெத்தவ இருந்திருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டா. உள்ள வாங்கம்மா."

அந்த அம்மாள் நகரவில்லை. பின்னாலேயே ஓடிவந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டு நின்ற சிறுமியையே பார்த்தாள்.

"உன் பொண்ணாப்பா?"

"ஆமாம்மா, ஒரே பொண்ணு. செல்லம் ஜாஸ்தி."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். அவருக்கும் கண் கலங்கியது.

"ஜெயிச்ச நாளில அழலாமா? நீங்க வாங்கிக் கொடுத்த ஓட்டு வீண்போகாதும்மா. நாளைக்கே போய் அந்த லாரிகளை மறிக்கிறேனா இல்லையா பாருங்க!"

அழுகை இன்னும் பெரிதாயிற்று. தண்ணீர்ச் சொம்போடு வந்த மனைவி அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். துக்கம் கேட்கப் போன வீட்டில் பார்த்த முகம் அது.

"என்னங்க... இவங்க செத்துப்போன கவுன்சிலரோட அம்மா. உங்ககிட்ட தோத்தாரே, அவரும் இவங்க பிள்ளைதான்."

மிக்ஸிக்காரருக்குத் தலை சுற்றியது. "பெத்த பிள்ளையைத் தோற்கடிக்கவா தெருத் தெருவா அலைஞ்சீங்க? ஏம்மா?"

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பெரியவனை அந்த லாரிக்குக் கொடுத்துட்டேன். நிக்காதடான்னு சின்னவன் கால்லகூட விழுந்து பார்த்தேன், கேட்கல. அவனையும் கொடுக்க எனக்கு மனசு வரலப்பா... அதான் உன்னைக் கொடுத்துட்டேன்."