நடு நிரை

"ஏ வேலாயி."

"இருக்கேங்க."

பனிக்குள்ளிருந்து குரல் வந்ததும், பறிப்பவர்களை மேற்பார்க்கிற அழகர் கங்காணி தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும் மறுபடியும்,

"ஏ வேலாயி."

"இருக்கேங்க."

பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராக்கம்மாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

"இந்த மலையில முப்பது பொம்பளைங்க நிக்கிறோம். கங்காணி வாயில ஒரு பேருதான் வருது" என்றாள் ராமாயியிடம்.

"நம்ம பேரெல்லாம் அவருக்கு இனிக்கல போல" என்று ராமாயி சிரித்தாள்.

வேலாயி காதில் அது விழுந்திருக்கும். ஆனால் நிமிரவில்லை. கூடை பாதிகூட நிறையவில்லை.

பள்ளத்து ஓரத்துக் கடைசி நிரை இருபது வருஷமாக அவளுடையது. கை வேகமான ஆளுக்குத்தான் அந்த நிரை. மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய ஒரே மகள் புருஷனோடு இந்தியாவுக்குக் கப்பலேறினாள். அடுத்த மாதமே கங்காணி வேலாயியை ஓரத்திலிருந்து இழுத்து, தான் நிற்கிற இடத்துக்கு நேரே நடு நிரையில் போட்டுவிட்டார்.

"புருஷன் செத்து நாலு வருஷம். மகளும் போயிட்டா. கேக்க ஆளில்லைன்னு ஆயிருச்சு" என்றாள் ராமாயி.

"நான் கேக்குறேன்" என்றாள் இராக்கம்மா.

சாயந்திரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கால் வலியோடு நேரே கங்காணி வீட்டுக்கே போனாள். அவர் இன்னும் வரவில்லை. அவர் சம்சாரம் மூக்காயி சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா இராக்கம்மா. தேத்தண்ணி ஊத்தவா?"

"வேணாங்க்கா. சொல்லாம இருக்கவும் முடியல. உங்க வீட்டுக்காரரு நாளெல்லாம் வேலாயி பேரையே கூப்பிடுறாரு. லயத்து வீடெல்லாம் பேசுது."

"என்னன்னு பேசுது?"

இராக்கம்மா தரையைப் பார்த்தாள்.

மூக்காயி கோபப்படவில்லை. சுளகை மெல்லக் கீழே வைத்தாள்.

"கூப்பிடச் சொன்னதே நான்தான்."

"நீங்களா?"

"ரெண்டு மாசத்துக்கு முன்ன, இப்ப நீ நிக்கிற இடத்துலதான் உக்காந்து அழுதா. 'அந்த ஓரத்துல நின்னா பள்ளத்தையே பாக்கத் தோணுதுக்கா. உசுரோட இருக்கப் பிடிக்கல. என்னைய அங்க விட வேணாம்னு கங்காணி அண்ணங்கிட்ட சொல்லுங்க'ன்னா. மறுநாளே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மருந்து குடுத்தாங்க. 'தனியா விடாதீங்க, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க'ன்னாரு டாக்டர். லயத்துல நான் பாத்துக்கிறேன். மலையில பனி இறங்கினா ஆளு தெரியாதே. அதான் இவரு கூப்பிட்டுப் பாக்குறாரு. மனுசனுக்குத் தொண்டையே போச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"யாருக்கும் தெரிய வேணாம்னு கையைப் பிடிச்சுக் கேட்டா. இப்ப உங்கிட்ட சொல்லிட்டேன். சாமி மன்னிக்கட்டும்." மூக்காயி பெருமூச்சு விட்டாள். "நீ பக்கத்து நிரைதானே? 'எப்பிடி இருக்கே புள்ள'ன்னு அவளை ஒரு தரமாச்சும் கேட்டியா?"

இராக்கம்மா வாசலைத் தாண்டி இறங்கினாள். திரும்பும்போது மாரியம்மன் கோயில் முன்னால் கை கூப்பி நின்றாள். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாளும் பனி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கங்காணி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"என்ன, இன்னைக்குப் பேரு மறந்துபோச்சா?" ராமாயி முழங்கையால் இடித்தாள்.

இராக்கம்மா சிரிக்கவில்லை.

"ஏ வேலாயி" என்றாள்.

பனிக்குள் காதைக் கொடுத்தாள். இராக்கம்மாவின் கை கொழுந்தில் அப்படியே நின்றது.

"இருக்கேன், அக்கா."

மேலே அழகர் கங்காணி, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"மககிட்டயிருந்து கடுதாசி வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"வரும். வந்தா என்னையும் கூப்பிடு."