தாடைக்குக் கீழே

“அனுப்பின பதிவுல வாசிச்சது நீதானா?” என்று நடுவர் கேட்டதும் ஜெபசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிநாட்டு இசைக்குழுக்களுக்கு ஆள் தயாரிக்கும் மேற்படிப்பு, அதற்கான உதவித்தொகைக்கு நேர்முகம். அவளுக்கு முன்னால் போன பையனிடம் அவன் அப்பாவின் சுகத்தைத்தான் விசாரித்தார்கள். கதவருகே நின்று கேட்டிருந்தாள்.

“ஒரு வயலின் குடுங்க சார், இப்பவே வாசிக்கேன்.”

“இன்னைக்கு நேர்முகம் மட்டும்தாம்மா.” அவர் காலரை விலக்கி, தன் இடது தாடைக்குக் கீழே கறுத்திருந்த தழும்பைக் காட்டினார். “வருஷக்கணக்கா வயலின் அழுத்தினா இது வந்தே தீரும். உன் கழுத்துல ஒண்ணையும் காணோமே?”

இருந்தது. காலையில் பேருந்து ஏறும் முன்பு அம்மாதான் அதன்மேல் கிரீமும் பவுடரும் அப்பிவிட்டாள். “பொம்பளப் புள்ள கழுத்துல இப்படி எவனோ கடிச்சாப்புல கெடந்தா பெரிய மனுசங்க என்னட்டி நெனைப்பாவ?” படிக்காத வீட்டின் மானமெல்லாம் அந்த ஒரு ரூபாய்க் காசு அகலத் தழும்பில்தான் தொங்குகிறதாம்.

ஜெபசெல்வி துப்பட்டா நுனியில் எச்சில் தொட்டு, அவர்கள் முன்னாலேயே கழுத்தை அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். யாரையும் கேட்காமல் உள்ளே ஓடிவந்து, முந்தானையால் மகளின் கழுத்தை இறுக மூடினாள்.

“ஐயா, தப்பா நெனச்சிராதீய. எம்புள்ள அப்படிப்பட்டவ இல்ல.”

நடுவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கையை எடும்மா,” என்றாள் ஜெபசெல்வி.

அம்மாவின் பிடி இன்னும் இறுகியது.