வாசலில் கூட்டம்

பம்பாயில் மழை விடவில்லை. தளவாய் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சுயம்புக்கனி தாணேயில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுகிறவள் இன்னும் வரவில்லை. குர்லாவில் தண்டவாளம் முங்கி ரயில் நின்றுவிட்டது. வழியில் திறந்து கிடந்த சாக்கடைக் குழிக்குள் ஒரு பெண் விழுந்துவிட்டதாகவும் பேச்சு. யாரென்று தெரியவில்லை. சுயம்புக்கனியின் போன் காலையிலேயே சார்ஜ் இல்லாமல்தான் போனது.

சேதி சந்து முழுக்கப் பரவி வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு மன்சூர் அலி, வந்தவர்கள் நனையக்கூடாதென்று நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள்.

“அண்ணாச்சி, நீங்க மனுசந்தானா? பொஞ்சாதியக் காணும், பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கீய!” என்றார் மன்சூர் அலி.

“வந்தான்னா ரசத்துக்கு வேணும் பாய். வரலன்னாலும் எனக்குப் பசிக்கும்லா. நான் ஒப்பாரி வச்சா குர்லாவுல தண்ணி வடிஞ்சிருமா?”

“கல்லு,” என்று ஒருத்தி முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும்.

அவர் கல் இல்லை. பழக்கம்.

காலையில் அவள் “போயிட்டு வாரேன்” என்று சொல்லும்போதெல்லாம் தளவாய் “ம்” என்பார். மனசுக்குள், இவள் திரும்பி வராமலும் போகலாம் என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார். வெளியே சொன்னால் அவ்வளவுதான். கிளம்புகிற நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறீர் என்று சட்டியைத் தூக்கி எறிந்துவிடுவாள்.

தளவாய்க்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ரயில்வேக்காரன், டிவிக்காரன், ஓட்டுக் கேட்டு வருகிறவன், டாக்டர், எல்லாரும் ஒரே கணக்கு. பம்பாய் லோக்கல் ரயிலில் ஒரு ஆளை ஏற்றி அனுப்புகிறவன், ஆள் திரும்பாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்துவைக்க வேண்டாமா?

அதில் ஒரு லாபமும் இருந்தது. சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும், போன பொருள் கைக்கு வந்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு குழம்பில் உப்புக் கூடினால் என்ன, டிவியை அலறவிட்டால் என்ன? கல்யாணமான புதிதில் தட்டைத் தூக்கி எறிந்த மனுசன்தான். இந்தப் பழக்கம் வந்தபிறகு ஒருநாளும் எறியவில்லை.

மாட்டுங்கா காலேஜில் படிக்கும் மன்சூர் அலியின் மகள் தமன்னாவிடம் மட்டும் ஒருதடவை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவள் குதித்தாள்.

“அரே தாத்தா, இது ஸ்டோயிக் தத்துவம்! கிரேக்க நாட்டுல அந்தக் காலத்துலயே சொல்லிருக்காங்க. நம்ம கையில உள்ளது எது, இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாத்துக்கணுமாம்.”

“அவனுவ பொஞ்சாதிய லோக்கல்ல ஏத்தி விட்டிருக்கானுவளா?” என்று கேட்டார் தளவாய்.

இன்றைக்கும் பிரித்துத்தான் பார்த்தார். மழை, தண்டவாளம், அவள் போன் எதுவும் அவர் கையில் இல்லை. பூண்டு இருந்தது.

மிச்சத்தையும் விடாமல் யோசித்தார். ஆஸ்பத்திரியில் போய் அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். கல்யாண் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் மகனுக்கு மன்சூர் அலிதான் சொல்ல வேண்டும். உடுத்திவிட அவளுடைய மாம்பழக் கலர் சேலையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேலே, அவள் இல்லாத வீட்டில் விடியப்போகும் காலை. அதையும் பார்த்தார். ஒரு பல் உரித்துப் போட்டு அடுத்ததை எடுத்தார்.

அப்போதுதான் சந்து முனையிலிருந்து அழுகை கேட்டது.

“என்னய விட்டுட்டுப் போயிட்டீயளே... காலைல நல்லாத்தான இருந்தீய... ஒரு வாய் தண்ணிகூட என் கையால குடிக்காமப் போயிட்டீயளே...”

பாவம், இந்த மழையில் யார் வீட்டுச் சாவோ என்று நினைத்தார் தளவாய்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. பெண்கள் ஓடினார்கள்.

குரல் பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படி ஒரு குரலில் அவள் அழுது அவர் கேட்டதே இல்லை.

சுயம்புக்கனி குர்லாவிலிருந்து தண்டவாளத்தோடு நடந்தே வந்திருக்கிறாள். இடுப்புவரை சேறு. சந்து திரும்பினதும், தன் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. நாற்காலி போட்டிருக்கிறது. பெண்கள் தலையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் இருக்கிறது ஒரே ஒரு ஆள். ஓடுகிற தண்ணீரிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

யார் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

மன்சூர் அலி தார்ப்பாய்க் கயிற்றை அவசர அவசரமாக அவிழ்த்தபடி கத்தினார்.

“அண்ணாச்சி, ஒரு சத்தம் குடுங்க! அவங்க உங்கள நெனச்சுத்தான் அழுறாங்க!”

இத்தனை வருசக் காலைகளில் ஒரு தடவையாவது, போகிற ஆளாகத் தன்னையும் இருந்து அழுகிற ஆளாக அவளையும் நினைத்துப் பார்த்திருக்கிறாரா தளவாய்?

“இந்தா இருக்கேன்டி” என்று ஒரு வார்த்தை. அது அவர் கையில்தான் இருந்தது.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.